கேட்காமல் வரும் பார்சல்: பணம் கட்ட வேண்டுமா? திருப்பி அனுப்ப வேண்டுமா?

தபாலிலோ கூரியரிலோ வீட்டுக்கு ஒரு பார்சல் வருகிறது. வீட்டுக்காரர் வயலில் இருக்கிறார். பெயரும் ஊரும் சரியாக எழுதியிருப்பதால், யாரோ கேட்டு வரவழைத்ததாகத்தான் இருக்கும் என்று எண்ணி வீட்டில் உள்ளவர்கள் வாங்கி வைத்துவிடுகிறார்கள். சில சமயம் நானூறு, ஐந்நூறு ரூபாய் பணமும் கொடுத்துவிடுகிறார்கள். மாலையில் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெயர் தெரியாத பயிர் ஊக்கி இருக்கும். அல்லது ஏதோ ஒரு விதைப் பொட்டலம் இருக்கும். வீட்டில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

இப்படி வந்த சரக்குக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா? நம் செலவில் திருப்பி அனுப்ப வேண்டுமா? "இனாமாக வந்தது" என்று வைத்துக்கொண்டு பயன்படுத்தலாமா? விவசாயிகளுக்கு எழும் இந்த மூன்று கேள்விகளுக்கும் சட்டத்தில் விடை உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வீட்டில் விசாரியுங்கள்

எடுத்த எடுப்பிலேயே மோசடி என்று முடிவு செய்ய வேண்டாம். இன்று கல்லூரியில் படிக்கும் மகன் செல்போனில் பொருள் கேட்டிருக்கலாம். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்கு ஏதேனும் அனுப்பியிருக்கலாம். தொலைபேசியில் பேசிய விற்பனையாளரிடம் நீங்களே "சரி, அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு மறந்திருக்கலாம். அவ்வாறு சொல்லியிருந்தால் அது கேட்ட சரக்கு. அதற்கு வேறு விதிகள் உண்டு.

வீட்டில் யாருமே கேட்கவில்லை என்று உறுதியான பிறகு, மேலுறையைப் பாருங்கள். பெறுபவர் பெயர் உங்களுடையதுதானா? அனுப்பியவர் பெயர், ஊர், தொலைபேசி எண் இருக்கின்றனவா? தபால் முத்திரை எந்த ஊருடையது? இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் இதுவே உங்கள் சாட்சி.

மௌனம் சம்மதம் ஆகாது

"மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்று பெண் பார்க்கும் இடத்தில் சொல்வார்கள். வியாபாரத்தில் அது செல்லாது. நம் நாட்டில் விற்பது, வாங்குவது எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒருவர் "இந்த விலைக்குத் தருகிறேன்" என்று முன்வர வேண்டும். மற்றவர் "ஏற்கிறேன்" என்று சொல்லாலோ செயலாலோ தெரிவிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒப்பந்தம். ஒருவர் சரக்கை அனுப்பிவிட்டு, "பத்து நாளில் பதில் வராவிட்டால் வாங்கிக்கொண்டதாகக் கருதுவோம்" என்று சீட்டு வைத்தால், அந்தச் சீட்டு உங்களைக் கட்டுப்படுத்தாது. பதில் எழுத வேண்டிய கடமையை உங்கள் தலையில் கட்ட அவருக்கு உரிமை இல்லை.

இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. இங்கிலாந்தில் பெல்ட்ஹவுஸ் என்பவர் தம் சகோதரர் மகனின் குதிரையை வாங்க விரும்பினார். "30 பவுண்டு 15 ஷில்லிங் தருகிறேன். உன்னிடமிருந்து வேறு பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று வைத்துக்கொள்கிறேன்" என்று கடிதம் எழுதினார். சகோதரர் மகனோ பதில் எழுதவில்லை. ஆனால் தம் பண்ணைக் கால்நடைகளை ஏலம் விட்டபோது, அந்தக் குதிரையை மட்டும் விற்க வேண்டாம் என்று ஏலக்காரர் பிண்ட்லியிடம் சொல்லியிருந்தார். ஏலக்காரர் தவறுதலாக அதையும் விற்றுவிட்டார். குதிரை என்னுடையது என்று பெல்ட்ஹவுஸ் ஏலக்காரர் மீது வழக்குப் போட்டார். 1862இல் தீர்ப்பு வந்தது. மற்றவர் வாய் திறக்காததை ஒப்புதல் என்று கொள்ள முடியாது. எனவே குதிரை அவருடையது ஆகவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் நாட்டுச் சட்டப் புத்தகங்களிலும் இந்த வழக்கு இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது.

ஆகவே முதல் கேள்விக்கு விடை: கேட்காத சரக்குக்கு, அது வந்தது என்ற ஒரே காரணத்திற்காக நீங்கள் ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை.

பயன்படுத்தினால் பணம் உண்டு

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். "கேட்காமல் வந்தது இனாம்தானே" என்று பயிர் ஊக்கியைத் தண்ணீரில் கலந்து தெளித்துவிட்டால் கதை மாறிவிடும்.

ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. இனாமாகக் கொடுக்கும் எண்ணம் இல்லாமல் ஒருவர் சட்டப்படி ஒரு பொருளை உங்களிடம் சேர்ப்பித்து, அதன் பயனை நீங்கள் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்; அல்லது பொருளைத் திருப்பித் தர வேண்டும். சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணமும் தந்திருக்கிறார்கள். ஒரு வியாபாரி தவறுதலாகச் சரக்கை ஒருவர் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். வீட்டுக்காரர் அதைத் தம் சொந்தப் பொருளாக நடத்துகிறார். அப்படியானால் அவர் வியாபாரிக்குப் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு தபால் துறைச் சட்டம், கேட்காமல் தபாலில் வந்த சரக்கைப் பெற்றவர் இனாமாகவே வைத்துக்கொள்ளலாம், அனுப்பியவர் அதற்குப் பில் அனுப்பவே கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பிரிட்டனிலும் 1971இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. நம் நாட்டில் இத்தகைய தெளிவான விதி இல்லை. ஆகவே "கேட்காமல் வந்தால் நமக்கே சொந்தம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரிக்காமல், பயன்படுத்தாமல், விற்காமல், பிறருக்குக் கொடுக்காமல் ஓர் ஓரமாக வைத்திருப்பதே நமக்குப் பாதுகாப்பு.

திருப்பி அனுப்பும் செலவு யாருடையது?

உங்களுடையது அல்ல. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, ஒழுங்காக ஆர்டர் கொடுத்தவர்கூட, மறுக்க நியாயம் உள்ள சரக்கைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை. "இதை ஏற்கவில்லை" என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும். கேட்டு வாங்கியவருக்கே இவ்வளவு என்றால், கேட்காதவருக்கு அதைவிட அதிகமான கடமை இருக்க முடியாது.

ஆனால் அனுப்பியவர் வந்து எடுத்துக்கொள்ளக் கேட்டால் தடுக்கக் கூடாது. வேண்டுமென்றே உடைக்கவோ குப்பையில் எறியவோ கூடாது. எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் நாள் கணக்கு எதுவும் சொல்லவில்லை. முப்பது நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் எழுதுவது யாரும் நியாயம் என்று ஒப்புக்கொள்ளக்கூடியது.

அடுத்த வீட்டுப் பார்சல்

ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பது நம் கிராமங்களில் சகஜம். தகப்பனார் பெயரையும் தெருவையும் பார்க்காமல் பார்சல் மாறி வந்துவிடும். இது கேட்காத சரக்கு அல்ல, பிறருடைய சரக்கு. பிறர் பொருள் என்று தெரிந்தும் நேர்மையின்றி வைத்துக்கொள்வது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவின்படி குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இது குற்றமாகவே இருந்தது. எனவே பிரிக்காமல் தபால்காரரிடமோ கூரியர்காரரிடமோ உடனே ஒப்படைத்துவிடுங்கள்.

கேட்டது ஒன்று, வந்தது வேறு

இரண்டு கிலோ விதைக்குப் பணம் கட்டினீர்கள்; ஐந்து கிலோ வந்திருக்கிறது. கூடவே ஐந்து கிலோவுக்கும் பில் இருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு உங்களுக்கு வழி காட்டுகிறது. கேட்ட இரண்டு கிலோவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மறுக்கலாம், முழுவதையும் மறுக்கலாம். ஐந்து கிலோவையும் வைத்துக்கொண்டால் ஐந்துக்கும் பேசிய விலை கொடுக்க வேண்டும். கேட்ட பொருளோடு கேட்காத பொருளைக் கலந்து அனுப்பினாலும் இதே விதிதான்.

இன்னொரு வகை வியாபாரத்தில் மிகவும் கவனம் தேவை. "பதினைந்து நாள் வைத்துப் பாருங்கள், பிடித்தால் பணம் அனுப்புங்கள்" என்று தெளிப்பான், மோட்டார் ஸ்டார்ட்டர் போன்றவற்றை விற்க வருகிறார்கள். நீங்கள் "சரி" என்று சொல்லி வாங்கிக்கொண்டால், இங்கே மௌனம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். சொன்ன கெடு முடிந்த பிறகும் "வேண்டாம்" என்று தெரிவிக்காமல் வைத்திருந்தால், பொருள் உங்களுக்கே விற்கப்பட்டதாக அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு கருதுகிறது. ஆகவே பரீட்சைக்கு என்று எதையும் ஏற்றுக்கொண்டால், கெடு முடியும் நாளைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். வேண்டாம் என்றால் அதற்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பணம் கட்டிப் பெறும் பார்சல்

வி.பி.பி. பார்சலைப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். தபால்காரரிடம் பணம் கட்டிப் பார்சலைப் பெறுவார்கள். தபால் இலாகா அந்தப் பணத்தை அனுப்பியவருக்குச் சேர்க்கும். உண்மையான ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புபவர் உறுதி சொல்ல வேண்டும் என விதி செய்ய 1898ஆம் ஆண்டு தபால் சட்டம் இடம் தந்திருந்தது. மோசடி நடந்தால் வசூலித்த பணத்தை நிறுத்தி வைத்துத் திருப்பிக் கொடுக்கவும் அதில் வழி இருந்தது. கேட்காதவர் தலையில் சரக்கைக் கட்டும் தந்திரம் அன்றே இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும். அந்தச் சட்டம் போய், 2023ஆம் ஆண்டு தபால் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது செல்போன் வியாபாரத்தில் "கேஷ் ஆன் டெலிவரி" என்ற பெயரில் இதே முறை எங்கும் பரவியிருக்கிறது.

இதில் பணம் கட்டுவதற்கு முன் பிரித்துப் பார்க்க விடுவது பெரும்பாலும் இல்லை. பணம் கைமாறிய பிறகு கொண்டு வந்தவரிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை. அவர் சுமந்து வருபவர் மட்டுமே. ஆகவே வீட்டில் எல்லோருக்கும் ஒரே கட்டளை சொல்லி வையுங்கள்: "யார் கேட்டது, என்ன பொருள், எவ்வளவு பணம் என்று தெரியாமல் பார்சலுக்குப் பணம் கொடுக்கக் கூடாது." கேட்காத பார்சலை "வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்" என்று வாசலிலேயே மறுத்துவிடலாம். மறுப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பார்சலை ரத்து செய்ய வேண்டும் என்று செல்போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால் சொல்லாதீர்கள். பார்சலுக்குள் இருக்கும் கியூ.ஆர். கட்டத்தைச் செல்போனில் படம் பிடிக்கவும் வேண்டாம். "உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது, வரி மட்டும் முன்னதாகக் கட்டுங்கள்" என்று சுரண்டல் அட்டை வந்தால் அது முழுக்க ஏமாற்று.

தெரியாமல் பணம் கொடுத்தாயிற்று என்றால்? அதற்கும் வழி உண்டு. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. ஆனால் பொருளைப் பயன்படுத்தாமல் அப்படியே வைத்திருந்தால்தான் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

விதைப் பொட்டலம் வந்தால் விதைக்காதீர்கள்

மற்றப் பார்சல்களால் பணம்தான் போகும். விதைப் பார்சலால் நிலமே கெடலாம். 2020 ஜூலையில் அமெரிக்காவில் பலருக்கும் கேட்காத விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. பல உறைகளில் சீனாவிலிருந்து அனுப்பியதாகக் குறிப்பு இருந்தது. அமெரிக்க விவசாயத் துறை சோதித்தபோது கடுகு, முட்டைக்கோசு, புதினா, செம்பருத்தி, ரோஜா முதலியவற்றின் விதைகள் இருந்தன. போலி விற்பனைக் கணக்குக் காட்டி, வாங்கியவர் பெயரில் தாங்களே பாராட்டு எழுதிக்கொள்ளும் வியாபாரத் தந்திரமாக இது இருக்கலாம் என்று அத்துறை சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் நம் மத்திய விவசாய அமைச்சகமும் இத்தகைய விதைப் பார்சல்களைப் பற்றி எச்சரிக்கையாக இருக்கும்படி மாநில அரசுகளுக்கு எழுதியது.

வெளிநாட்டு விதையை இறக்குமதி அனுமதியும், நோய் பூச்சி இல்லை என்ற பயிர் நலச் சான்றும் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டு பயிர்த் தொற்றுத் தடுப்பு ஆணையின் விதி. இந்தக் கட்டுப்பாடு ஏன் என்பதைத் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பரவியது. மருந்தடித்து ஓய்ந்த பிறகு, 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டபோதுதான் அது அடங்கியது. அது தபாலில் வந்தது என்று சொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் ஒரு சிறு பூச்சி எவ்வளவு கேடு செய்யும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

எனவே முன்பின் தெரியாத விதைப் பொட்டலத்தைக் கொல்லைப்புறத்தில்கூடப் போட்டுப் பார்க்காதீர்கள். குப்பைக்குழியில் எறியவும் கூடாது, அங்கேயே முளைத்துவிடும். பொட்டலத்தை உறையோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒப்படையுங்கள். உள்நாட்டு விதையாக இருந்தாலும் சான்று விதைக்கு நீல நிற அட்டையும், உண்மைநிலை விதைக்கு இளம்பச்சை அட்டையும் இருக்க வேண்டும். அட்டை இல்லாத விதையை நம்பி ஒரு போகத்தை இழக்காதீர்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தானமாக வந்த விதையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பூச்சி மருந்து என்று ஏதாவது வந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். பதிவு எண்ணும் நிற முக்கோணமும் இல்லாத மருந்தைத் திறக்க வேண்டாம். கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டவும் வேண்டாம்.

கேட்காத வங்கி அட்டை

கேட்காமலேயே கிரெடிட் கார்டு தபாலில் வந்தால் விதி மிகவும் தெளிவு. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கட்டளைப்படி, கேட்காதவருக்கு அட்டை அனுப்புவதே தடை செய்யப்பட்டது. சம்மதம் இல்லாமல் அனுப்பிய அட்டைக்குக் கட்டணம் போட்டால், அதை வங்கி ரத்து செய்வதோடு, அத்தொகையைப் போல் இரண்டு மடங்கை அபராதமாகப் பெற்றவருக்கே கொடுக்க வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டது. அட்டையைச் செயல்படுத்தாமல், வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

மிரட்டல் கடிதம் வந்தால்

பணம் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போவோம், வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம் என்று கடிதமோ தொலைபேசியோ வரலாம். பயந்து பணம் அனுப்ப வேண்டாம். கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். ஒரே ஒரு பதில் எழுதுங்கள். அது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். கடிதம் இவ்வாறு இருக்கலாம்:

"ஐயா, தாங்கள் அனுப்பியதாகச் சொல்லும் பார்சல் இன்ன தேதியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்தப் பொருளை நானோ என் குடும்பத்தாரோ கேட்கவில்லை. அதை நான் ஏற்கவில்லை, பயன்படுத்தவும் இல்லை. இக்கடிதம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் தங்கள் சொந்தச் செலவில் எடுத்துச் செல்லவும். அதற்கு மேல் அப்பொருளுக்கு நான் பொறுப்பல்ல. இதற்காக என்னிடம் பணம் கேட்பதை நிறுத்திக்கொள்ளவும்."

பணம் கொடுத்துவிட்டவர்கள் கடைசி வரியை மாற்றி, "நான் தவறுதலாகக் கொடுத்த இவ்வளவு ரூபாயைத் திருப்பி அனுப்பவும்" என்று எழுதலாம். பேரம் பேசியோ தவணை கேட்டோ எழுதிவிடாதீர்கள். அது கடனை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும்.

புகார் எங்கே செய்வது?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் கைமாறிய மோசடி என்றால், தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை மறிக்க வாய்ப்பு அதிகம்.

பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி டெல்லியில் இருந்தாலும் பம்பாயில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். "விவசாயி நுகர்வோர் ஆக மாட்டார்" என்று யாராவது சொன்னால், விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று சுப்ரீம் கோர்ட் 2012இல் தேசிய விதைக் கழக வழக்கில் தீர்ப்பளித்ததை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் பணம் எதுவும் கொடுக்காதவர், பேச்சளவில்கூட வாங்க ஒப்பாதவர், இந்த ஆணையத்தின் கண்ணில் நுகர்வோர் ஆவது கடினம். அவருக்கு அந்த வழக்கே தேவையும் இல்லை. சரக்கைத் தொடாமல் இருப்பதும் மேலே கண்ட கடிதமும் போதும்.

சுருக்கமாகச் சொன்னால், கேட்காத சரக்குக்குப் பணம் கட்டாதீர்கள். பணம் கட்டாத சரக்கைப் பயன்படுத்தாதீர்கள். விதையாக இருந்தால் மண்ணில் போடாதீர்கள். இந்த மூன்றையும் வீட்டில் உள்ள பெண்களுக்கும், பார்சலை வாங்க முதலில் ஓடிவரும் பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லி வையுங்கள். வாசலில் நின்று பதில் சொல்லப்போகிறவர்கள் அவர்கள்தான்.